பத்தாம் எண்ணுக்கு வராத பரிசு

டிசம்பர் 9, திங்கள்

போன வருடம் புத்தாண்டுப் பரிசாக நான் கொடுத்தது நல்ல ஹாட்பாக்ஸ். எனக்கு வந்தது எங்கள் பிரஸ் டைரி. அட்டை கோணலாக ஒட்டிப் போய், விற்க முடியாமல் கிடந்ததை எடுத்து, வண்ணத்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி என்னிடம் நீட்டினார் கணக்குப் பார்க்கும் சீனிவாசகம் அண்ணாச்சி. நான் அதை வாங்கிக்கொண்டு சிரிக்க வேறு செய்தேன். வருடம் முழுக்க அதில்தான் எழுதுகிறேன். எழுத உட்காரும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இந்த வருடம் விடுவதாக இல்லை. காலையில் முதலாளி அறைக்குப் போய், "புத்தாண்டுப் பரிசு விஷயத்த இந்தத் தடவை நான் நடத்துறேன் மொதலாளி. நியாயமா நடக்கணும்" என்றேன். அவர் போனில் இருந்தார். சென்னைக் கடை ஒன்று இன்னும் இரண்டாயிரம் காலண்டர் கேட்கிறதாம். தலையை ஆட்டினார். எனக்கு அது போதும். 31ஆம் தேதி கடைசி லோடு ஏறியதும் பரிசு மாற்றிக்கொள்வோம்.

பத்தொன்பது வருடமாக இந்தச் சிவகாசி பிரஸில், அச்சேறுமுன் பிழை இருக்கிறதா என்று புரூஃப் பார்க்கிறேன். ஒரு வருடத்தின் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் என் கண் வழியாகத்தான் ஊருக்குப் போகிறது. பதினாறு பேருக்குப் பரிசைப் பிரித்துக் கொடுக்க எனக்குத் தெரியாதா என்ன?

டிசம்பர் 10, செவ்வாய்

விதிகள் எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டினேன். பிரஸ் சாமான் எதுவும் ஆகாது. தனக்கு வந்த பரிசை அடுத்தவர் தலையில் கட்டக் கூடாது. முந்நூறு ரூபாய்க்குள் புதுப்பொருளாக இருக்க வேண்டும். யாருக்கு யார் என்று 31 வரை மூச்சு விடக் கூடாது, சீட்டு மாற்றிக்கொள்ளவும் கூடாது. கடைசி வரியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதினேன்: யாரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது.

மத்தியானமே வில்லங்கம். அண்ணாச்சி பலகை முன் நின்று பெயர்ப் பட்டியலில் விரல் வைத்தார்.

"குருவம்மா பேரு எதுக்கு? அவதான் இப்ப பேக்கிங்ல நிக்கிறாளே. ஆபீஸ் ஆளு இல்லையே."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. குருவம்மாளும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தேதித் தாள்களை வரிசையாக அடுக்கித் தைக்கிற மேஜைக்கு அவள் மேற்பார்வை. அந்த மேஜையின் தலைமாட்டில் அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அக்டோபரில் ஒரு அரிசி ஆலைக்காரர் ஆர்டரில், ஜூலை மாதத்தில் ஏதோ தேதிக் குழப்பம். மூவாயிரம் காலண்டரும் திரும்பி வந்துவிட்டன. அதிலிருந்து அவளைப் பேக்கிங்கில் நிறுத்திவிட்டார்கள். அதற்காக ஆபீஸ் ஆள் இல்லையென்று ஆகிவிடுமா?

"என்ன அநியாயம் பேசுறீங்க அண்ணாச்சி! ஒருத்திய இடம் மாத்திட்டா பேரையும் அழிச்சிருவீங்களா?" என்று எல்லோர் முன்னிலும் கத்தினேன். அண்ணாச்சி கையை எடுத்துக்கொண்டார். பெயர் நின்றது.

விஷயத்தைச் சொல்லப் பேக்கிங் கூடத்துக்கு நானே போனேன். குருவம்மாள் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். நின்று நின்று கால் வீங்கி, கொலுசு சதையில் பதிந்திருந்தது.

"உன் பேரையும் சேத்தாச்சு குருவு."

"சரிங்க மேடம்" என்றாள், டேப்பைப் பல்லால் கடித்தபடி.

மேடமாம்! பத்தொன்பது வருடம் ஏடி, வாடி என்று கூப்பிட்டவளுக்கு நான் இப்போது மேடமாம்! அவளுக்காக இன்றைக்குச் சண்டை போட்டது யார்?

டிசம்பர் 11, புதன்

தனியாகத்தான் சாப்பிட்டேன். என் மேஜைக்கு மேலே ட்யூப்லைட் மங்கல் என்று நான்காவது முறை புகார் எழுதிக் கொடுத்தேன். எலெக்ட்ரீஷியன் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "போன வாரந்தான மாத்துனேன், நல்லா எரியுதே" என்கிறான். இவர்களுக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடு.

டிசம்பர் 13, வெள்ளி

எல்லாத் திருட்டுத்தனமும் சீட்டில்தான் இருக்கிறது. போன வருடம் கையால் எழுதிய சீட்டு. யார் எழுத்து என்று தெரிந்தது, முனை மடித்த அடையாளம் தெரிந்தது. வேண்டியவர்கள் வேண்டியவர்களை எடுத்துக்கொண்டு, மிச்சமாகக் கிடந்த என்னை அண்ணாச்சிக்குத் தள்ளிவிட்டார்கள்.

இன்றைக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்களிடம் இல்லாத சீட்டா? டெய்லி காலண்டரில் ஒரு மாதத்தைக் கிழித்தால் போதும். ஒரே அளவு, ஒரே தாள், ஒரே மை. அடையாளம் வைக்க வழியே இல்லை. வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி ஆளுக்கு ஒரு எண். ஒன்றாம் தேதித் தாள் வந்தால் ஒன்றாம் ஆளுக்குப் பரிசு. அவ்வளவுதான். அண்ணாச்சி நான்கு. நான் ஒன்பது. குருவம்மாள் பத்து. ஒரே நாளில் சேர்ந்தாலும் அன்றைக்கு முதலில் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற ஜெனிபர், "சூப்பர் ஐடியாக்கா" என்றாள். இந்தப் பெண் தேதித் தாளில் வைக்கிற எழுத்து வர வர எறும்பு அளவு ஆகிவிட்டது. அதை இன்றைக்குச் சொல்ல வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 14, சனி

ராகுகாலம் கழிந்து பத்தே முக்காலுக்குக் குலுக்கல். வேஸ்ட் அறையில் படமும் பெயரும் கலங்கிப் போன காலண்டர் ஒன்றை எடுத்து வந்தேன். நான் கை வைத்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும். அதனால் தாளைக் கிழிக்கிற வேலையை எல்லோர் முன்னிலும் ஜெனிபரிடம் கொடுத்தேன்.

"எந்த மாசம்க்கா? நான் பொறந்த ஜூலையையே எடுத்துக்கிடுதேன்" என்றாள். அவள் தூத்துக்குடிக்காரி.

ஜூலையா? வேறு மாதம் எடு என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஆலைக்காரர் காலண்டரெல்லாம் எப்போதோ காகிதக் கூழுக்குப் போயிருக்கும். ஊரில் ஜூலை என்று ஒரு மாதமே இருக்கக் கூடாதா?

எண் தெரியாதபடி கவிழ்த்து வைத்தே பதினாறு தாளை எண்ணிக் கிழித்து, கவிழ்த்தபடியே மடிக்கச் சொன்னேன். அதுவும் என் விதி. எவர்சில்வர் குடத்தில் போட்டுக் குலுக்கினேன். தன் எண்ணே வந்தால் திருப்பிப் போட்டுவிட்டு வேறு எடுக்கலாம். யாருக்கும் அப்படி வரவில்லை. ஒவ்வொருவராக வந்து எடுத்து, பிரித்துப் பார்த்து, பையில் வைத்துக்கொண்டார்கள். குருவம்மாள் தன் சீட்டைப் பிரித்தவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு முந்தானையில் முடிந்துகொண்டு பேக்கிங் கூடத்துக்குப் போய்விட்டாள்.

எனக்கு வந்தது நான்கு. சீனிவாசகம் அண்ணாச்சி! ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா?

டிசம்பர் 17, செவ்வாய்

டீ நேரத்தில் ஜெனிபர் கேட்கிறாள்: "அந்த மில் ஆர்டர்ல மூவாயிரமும் ஒண்ணு போலத் தப்பாப் போச்சே, அது எப்படிக்கா? குருவம்மாக்கா அப்படி விடுத ஆளு இல்லையே."

"ஒரு அடுக்குத் தட்டுல தப்பான தாள் ஏறிட்டா வரிசையா மூவாயிரத்துக்கும் போகத்தான் செய்யும். முதல்ல நீ எழுத்தப் பெருசா வை. கொசுமுட்டை மாதிரி வச்சா யாரு கண்ணுக்குத் தெரியும்?" என்று பொரிந்து தள்ளினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு எந்தக் கேள்வியை எந்த நேரத்தில் கேட்பதென்று தெரியவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

கொதிக்கிறது எனக்கு. பேக்கிங் ஆட்களுக்கு 31ஆம் தேதியோடு வேலை இல்லையாம். சீசன் முடிந்தால் வழக்கமாக நிறுத்துவதுதான், மறுபடி ஆடியில் கூப்பிடுவார்கள். ஆனால் இந்த வருடம் அந்தப் பட்டியலில் குருவம்மாள் பெயரும் இருக்கிறது. ஆடி வரை ஏழு மாதம் அவள் என்ன செய்வாள்? புருஷனும் இல்லை. கல்யாண வயதில் மகள் இருக்கிறாள்.

நேராக முதலாளியிடம் போனேன். "இது அடுக்குமா மொதலாளி? பத்தொம்பது வருசம் உழைச்சவள இப்படியா அனுப்புறது?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு மட்டும் ஆசையாம்மா? அடுக்குற மேஜையிலதான் தப்புன்னு நீங்கதான பாத்துச் சொன்னீங்க."

வெளியே வந்துவிட்டேன். ஐந்தாவது முறையாக ட்யூப்லைட் புகார் எழுதிக் கொடுத்தேன். இந்த ஆபீஸில் ஒரு நல்ல வெளிச்சம் உண்டா?

டிசம்பர் 22, ஞாயிறு

பஜாருக்குப் போய் அண்ணாச்சிக்கு ஒரு எவர்சில்வர் தூக்குவாளி வாங்கினேன். பழிக்குப் பழியாக ஒரு கோணல் டைரியைக் கொடுக்கலாமென்று மனம் குறுகுறுத்தது. விதி எழுதியவளே மீறலாமா? அதனால் தூக்கில் 'சீனிவாசகம்' என்று பெயர் வெட்டச் சொன்னேன். இனி இதை அவர் யார் தலையிலும் கட்ட முடியாது.

வெட்டிய பெயரைக் காட்டி, "சரியா இருக்கான்னு பாருங்கம்மா" என்றான் கடைக்காரன். வெளிச்சத்துக்குத் திருப்பினேன், தள்ளிப் பிடித்தேன், கிட்டப் பிடித்தேன். "நீயே வாசிச்சுக் காட்டு" என்றேன். "ஏம்மா, கண்ணாடி கொண்டாரலையா?" என்று சிரிக்கிறான். பெயர் வெட்டத் தெரியாதவனுக்கு வாய் மட்டும் இருக்கிறது.

டிசம்பர் 26, வியாழன்

படியில் எதிரே வந்தாள் குருவம்மாள். ஒதுங்கி வழி விட்டாள், ஏதோ நான் முதலாளி வீட்டு அம்மா மாதிரி. பேசியிருக்கலாம். பேசவில்லை.

எனக்கு ஒன்று புரியவில்லை. எதற்கு இந்த முகத்திருப்பல்? அக்டோபரில் முதலாளி கத்தியபோது அவள்தானே சொன்னாள்: "என் மேஜையில தப்பு இல்ல மொதலாளி. கனி பாத்துச் சொல்லட்டும். அவ சொன்னா சரி." என் முழுப்பெயர் சண்முகக்கனி, அவளுக்கு எப்போதும் கனிதான். என்னைப் பார்க்கச் சொன்னது அவள். நான் அந்தக் காலண்டரை வாசலுக்கு, வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். கேட்டார்கள், சொன்னேன். புரூஃப் பார்க்க வேறு ஆள் தேடினால் எனக்குப் போக்கிடம் எது என்று யாராவது யோசித்தார்களா? என்னையும்தான் யோசிக்க வேண்டும்.

டிசம்பர் 28, சனி

அந்த வேஸ்ட் அறையில் ஆலைக்காரர் காலண்டர் இன்னும் ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கப் போனேன். பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்கவில்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

இரண்டு மணிக்குக் கடைசி லோடு ஏறியது. மூன்றுக்கு ராகுகாலம் பிறக்குமுன் எல்லோரும் அடுக்கு மேஜையைச் சுற்றிக் கூடினோம். முதலாளியும் வந்து நின்றார். நான் எண் வாசிக்க வாசிக்க, அந்த எண் யாருக்கு வந்ததோ அவர் பரிசைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று நன்றாகவே போயின. நான்கில் அண்ணாச்சிக்குத் தூக்கைக் கொடுத்தேன். பெயரைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே, ஒரு வருட எரிச்சல் அடங்கியது.

ஒன்பது என்று வாசித்தேன். அது நான். ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.

ஒருவர் அண்ணாச்சி. மறுபடியும் அவர்தான்! மேஜையில் கவ்வி நிற்கிற குட்டி விளக்கு ஒன்றை நீட்டி, "எத்தன தடவதான் லைட்டுக்கு மனு போடுவீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருத்தி குருவம்மாள். அவள் நீட்டியது சின்னப் பொட்டலம். பிரித்தேன். கைப்பிடி போட்ட பூதக்கண்ணாடி.

எனக்குத் தெரிந்துவிட்டது, என் கண் மங்கியது அவளுக்குத் தெரியுமென்று. அவளுக்கு மட்டுமில்லை, அண்ணாச்சிக்கும்கூட. நான் மட்டும்தான் ட்யூப்லைட்டைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனாலும் என் வாய் என்ன செய்தது? கத்தியது. "ஒரு எண்ணுக்கு எப்படி ரெண்டு பேர்? யாரோ சீட்ட மாத்திருக்கீங்க! இவ்வளவு சொல்லியும் திருட்டுத்தனமா?" கத்திக்கொண்டே அடுத்த எண்ணை வாசித்தேன். "பத்து!"

யாரும் எழவில்லை. இன்னொரு முறை வாசித்தேன். பேக்கிங் டேப்பின் பசை ஒட்டிய கையைப் புடவையில் துடைத்தபடி குருவம்மாள் நின்றிருந்தாள். பத்தாம் எண்ணுக்குப் பரிசு கொண்டுவர ஆள் இல்லை.

"இந்தா, இத வச்சுக்க" என்று விளக்கை அவளிடம் நீட்டினேன்.

"அது ஒம்பதுக்கு வந்ததுங்க மேடம்" என்றாள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "எல்லாச் சீட்டையும் மேஜையில வைங்க. திருடன இன்னிக்குப் பிடிச்சே தீரணும்" என்றேன். வைத்தார்கள். ஜெனிபர் வரிசையாக அடுக்கினாள். ஒன்றிலிருந்து எட்டு வரை இருந்தது. ஒன்பது இரண்டு. பத்து இல்லை. பதினொன்றிலிருந்து பதினாறு வரை இருந்தது.

அண்ணாச்சி பலமாகச் சிரித்தார். "அட, இது அந்த மில் காலண்டருல்ல? வேஸ்ட்ல ஒண்ணு தங்கிருச்சு போல. குருவம்மா, ரெண்டு ஒம்பது வச்சு நீ அடுக்குன, இப்ப உன் பரிசே போச்சு பாத்தியா!" மற்ற பதினான்கு பேரும் சிரித்தார்கள். முதலாளிகூடச் சிரித்தார்.

குருவம்மாள் சிரிக்கவில்லை.  தன் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். நாளை முதல் அவளுக்கு இங்கே வேலை கிடையாது. கிளம்புகிறாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டபோது எனக்கு இவ்வளவு நாளும் வராத கோபம் வந்தது. ஆனால் திட்டுவதற்கு அங்கே என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

"சிரிக்காதீங்க" என்றேன். இரண்டு ஒன்பதையும் எடுத்து, அவள் கொடுத்த பூதக்கண்ணாடியை வைத்து, எண்ணுக்குக் கீழே பொடியாக இருப்பதைச் சத்தமாக வாசித்தேன். "இது ஒன்பது, புதன். இது ஒன்பது, வியாழன்."

யாருக்கும் உடனே பிடிபடவில்லை. ஜெனிபருக்குத்தான் முதலில் பிடிபட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடுக்குனதுல தப்புன்னா ஒரே தாள்தான் ரெண்டு தடவ வந்திருக்கும். ரெண்டுலயும் புதன்னுதான் இருக்கும்" என்றேன். "இது பத்தாந்தேதித் தாள். கிழமை சரி, எண்ணுதான் ஒம்பதுன்னு விழுந்திருக்கு. அச்சுத் தப்பு. குருவு மேஜைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அந்தப் புரூஃப்ல சரின்னு கையெழுத்துப் போட்டது நான்."

முதலாளி இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார். "கண்ணுல படலையாம்மா? அதான் கண்ணு சரியில்லன்னு தெரியுதே. வயசானா வர்றதுதான்" என்றார். நல்ல மனிதர். நான் தப்பிக்க அவரே கதவைத் திறந்து விடுகிறார்.

"புரூஃப்ல கண்ணுல படல மொதலாளி" என்றேன். "அக்டோபர்ல வெயில்ல வச்சுப் பாத்தப்ப நல்லாத் தெரிஞ்சுது."

சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. குருவம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் திரும்பி நடந்துவிட்டாள்.

ஜனவரி 2, வியாழன்

டைரியில் நாள் எல்லாம் தீர்ந்துவிட்டது. கடைசியில் முகவரி எழுதுகிற பக்கத்தில் எழுதுகிறேன்.

முதலாளி நேற்றே ஆள் அனுப்பிக் குருவம்மாளை வரச் சொல்லிவிட்டார். கண்ணைக் காட்டி மருந்தோ ஆபரேஷனோ செய்துகொண்டு வரும்வரை நான் புரூஃப் தொடக் கூடாது. அதுவரை அண்ணாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கவருக்கு முகவரிச் சீட்டு ஒட்ட வேண்டும். திரும்பி வந்த பிறகு என்ன என்று முதலாளி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு இது அநியாயம் என்று எழுதத் தோன்றவில்லை.

பத்து மணிக்கு அடுக்கு மேஜைப் பக்கம் போனேன். தலைமாட்டில், தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்திருந்தாள்.

"குருவு" என்றேன்.

நிமிராமலே கேட்டாள்: "உன் நோட்டீஸ்ல கடைசி வரி என்ன போட்டிருந்த?"

"யாரும் வெறுங்கையோட வீட்டுக்குப் போகக் கூடாது."

"மூணு மாசம் நின்னேன். அன்னிக்கு வெறுங்கையோடதாண்டி வீட்டுக்குப் போனேன்" என்றாள். குரலில் அழுகை இல்லை, கோபம்.  

நேரே பலகைக்குப் போய் அந்த விதித் தாளைக் கிழிக்கக் கை வைத்தேன்.

"அதக் கிழிக்காத" என்றாள் பின்னாலிருந்து. "எனக்கு வர வேண்டியது இன்னும் வரல. வர்ற வரைக்கும் அது அங்கயே இருக்கட்டும்."